எங்கள் இன்ஜினுக்கு எத்தனை குதிரை?

எங்கள் படகின் இன்ஜின் மூடியில் 9.9 என்று ஒட்டியிருந்தது. உப்புக் காற்று அந்த ஒட்டுத்தாளின் ஓரங்களைத் தின்றிருந்தாலும் எண் தெளிவாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையா என்று எனக்கு ஒரு முறையும் தோன்றியதில்லை. நான் தமிழ் முதுகலை படிக்கிறேன். ஒரு வரிக்கு இரண்டு பாடம் இருந்தால் எது சரி என்று நாள்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவள். ஆனாலும் மூடியில் ஒட்டிய எண்ணைச் சந்தேகிக்கலாம் என்பது, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது பிறர் சந்தேகித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்மேட்டில் இருக்கிறது. ஏரியில் இறால் வலை போடும் இடங்களை ஊர்க் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்று இந்த இடம் ஒரு கூட்டத்துக்கு, நாளை அதே இடம் மற்றொரு கூட்டத்துக்கு. ஆனால் ஓர் இடத்துக்கு உரிய கூட்டத்துக்குள்ளேயே எந்தப் படகு முதலில் போய்ச் சேர்கிறதோ, அதற்குத்தான் நீரோட்டத்துக்கு எதிரே நல்ல நிலை கிடைக்கும். அதனால், படகுகளில் இன்ஜின் பொருத்தத் தொடங்கிய காலத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு விதி எழுதி வைத்தார்கள். பத்துக் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள படகுக்கு ஏரியில் பாடு கிடையாது. அந்தப் பத்தை எப்படி அளப்பது என்று விதியில் இல்லை. மூடியில் ஒட்டியிருப்பதே அளவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா எங்கள் இன்ஜினை ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள ஒருவரிடம் பழையதாக வாங்கினார். வாங்கிய நாள் முதல் அதைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. "மூடிலதான் ஒம்போது. உள்ள பதினஞ்சு கீது" என்பது அவருடைய வழக்கமான வாக்கியம். டீக்கடையில் சொன்னார், படகுத்துறையில் சொன்னார், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொன்னார். அந்த வாக்கியம் ஒருநாள் சாட்சியாக வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

புகார் சொன்னவர் என் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பாடு முறையில் நாங்களும் அவரும் ஒரே கூட்டம். போன பருவம் முழுவதும் நைனாவின் படகே முதலில் போய் நின்றது. வலைக்கூடத்தில் பஞ்சாயத்து கூடியபோது பெண்கள் வழக்கம்போல் சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தலைவரே, நான் புதுசா ஒண்ணும் சொல்லல," என்றார் மாமா. "பதினஞ்சுனு அவன் வாயாலயே சொல்லிகினு திரியறான்."

"மச்சான், வாய்க்கு ஹெச்பி கெடையாது," என்றார் நைனா. "பேசறத எல்லாம் கணக்குல வெச்சா, நீ புடிச்சதா சொன்ன மீனுக்கு இந்த ஏரி பத்தாது."

உள்ளே சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் நிறுத்துங்க. பத்துக்கு மேலனு தெரிஞ்சா இந்த வருசம் அவனுக்குப் பாடு இல்ல. இல்லனு தெரிஞ்சா இந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள தெரியணும்," என்றார்.

எங்களிடம் கடலுக்குப் போகும் பெரிய படகு இல்லை. பாடு போய்விட்டால் நைனா ஓராண்டுக்கு மற்றொருவர் படகில் ஆளாக ஏற வேண்டும். அன்று வீடு திரும்பும்போது அவர் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். வாசலில் நின்று, "பதினஞ்சா இருக்குமோ?" என்று அம்மாவிடம் கேட்டார். அவருக்கே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் எளாவூரிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களைப் பழுதுபார்ப்பவர்; படகு இன்ஜின்களும் அவரிடம் போகும். மூடியைக் கழற்றி, நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"இந்த மாடல்ல பத்துக்கும் பதினஞ்சுக்கும் ஒரே பாடிதான்," என்றார். "உள்ள சில பார்ட்டுதான் வேற. இதுல கார்புரேட்டர யாரோ மாத்திகீறான். மாட்டினது பத்துதும் இல்ல, பதினஞ்சுதும் இல்ல. நம்பரே இல்லாத டூப்ளிகேட். தொறந்து பாத்து சொல்ற கேஸ் இல்ல இது."

நான் பொதுவாக வெளியாட்களிடம் பேசுவதில்லை. ஆயினும் அவர் கை கழுவத் தண்ணீர் கொண்டுபோனபோது கேட்டுவிட்டேன்: "அண்ணா, காருக்கெல்லாம் ஹெச்பி எப்படி அளந்து போடறாங்க?"

அவர் சற்று வியந்து பார்த்தார். பிறகு கையைத் துடைத்தபடியே சொன்னார். "கம்பெனில இன்ஜின மட்டும் தனியா மேடைல மாட்டி, ஓட வுட்டு, எதிர்த்தாப்புல பிரேக் மாதிரி ஒண்ணு குடுத்து அளப்பான். அந்த ரூம்ல எவ்ளோ சூடு, எவ்ளோ காத்து, எல்லாம் கணக்கு பண்ணுவான். அந்த நம்பரதான் விளம்பரத்துல போடறது. சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள கியர்ல கொஞ்சம் போயிடும். அப்பறம் ஏசி, அஞ்சு ஆளு, நம்ம ரோடு. மைலேஜும் அதே கததான். கம்பெனி சொன்னது வரலனு எங்கிட்ட வந்து சண்ட போடறானுங்க. நானா சொன்னேன்?"

அவர் போன பிறகு மாமா வீட்டுக்குப் போய், அத்தையிடம் அவர்கள் இன்ஜினோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கினேன். மாமாவுடையது கடையில் புதிதாக வாங்கியது; மூடியில் அதே 9.9. மாமா புகார் சொன்ன மறுநாளே அவர் வீட்டுக் கையேட்டை நான் கேட்டதில் அத்தைக்கு ஒன்றும் விநோதமாகப் படவில்லை. "படிக்கிற பொண்ணு, எதையாவது படிக்கட்டும்," என்று கொடுத்துவிட்டார். அதில் குதிரைத்திறனுக்கு எதிரே ஒரு சிறு நட்சத்திரக்குறி இருந்தது. பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம்: தண்ணீரில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியை மாட்டும் தண்டில், குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில் அளந்தது, இன்ஜினுக்கு இன்ஜின் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். மூடியில் ஒட்டிய தாளில் அந்த நட்சத்திரக்குறி இல்லை. அதைப் பார்த்தபோது, அடிக்குறிப்பை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பைக் கண்டதுபோல் எனக்கு ஓர் ஆர்வம் பற்றிக்கொண்டது.

ஊரார் வைத்த முதல் சோதனை எளியது. நைனா படகும் மாமா படகும் துறையிலிருந்து ஏரிக்குள் நட்டிருக்கும் சிவப்புக் கொடிக் கம்பம் வரை ஓட வேண்டும். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டாமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு படகிலும் பஞ்சாயத்து ஆள் ஒருவர். கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கியே பிடித்திருக்க வேண்டும். மாமாவின் இன்ஜினுக்குக் காகிதம் இருப்பதால் அதையே பத்து என்று வைத்துக்கொள்வதாக முடிவு. அது காலை வேளை. ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வற்றிக்கொண்டிருந்தது. நைனா கம்பத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது மாமா பாதித் தொலைவைத்தான் தாண்டியிருந்தார்.

"பாத்துக்கங்கய்யா," என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா கரையேறினார்.

வீட்டில் அம்மா சோறு போடும்போதே தொடங்கிவிட்டார். "தோத்தா பாடு போவாதுனு அனுப்பி வெச்சா, ஜெயிச்சிட்டு வந்து குந்திகினு கீது பாரு."

"நான் இன்னா பண்ணுவேன்? பக்கத்துல ஆளு குந்திகினு கைய பாத்துகினே வரான்."

நான் கரையிலிருந்து பார்த்ததை நினைவில் மறுபடி ஓட்டினேன். மாமா படகின் பின்னால் நுரை நேர்கோடாக இருந்தது. நைனாவின் நுரை கிழக்கே வளைந்து, பிறகு கம்பத்தை நோக்கித் திரும்பியிருந்தது.

"நைனா, நீ ஏன் நேரா போகல?"

"நேரா போனா மண்ணும்மா. மொழங்கால் தண்ணி. வெசிறி மண்ண கலக்கும், படகு ஓடாது. கெழக்கால ஓட கீது. தண்ணி வத்தும்போது அதுல எறங்கினா, அதுவே தள்ளிகினு போவும்."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அங்கதான போயிருப்பான்?" என்றார். குரலில் அன்று முதன்முறையாக ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. ஏரியின் அடியில் ஓடும் அந்த ஆழமான வாய்க்காலை இரண்டு பருவமாகத் தன் மனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். முதலில் போய் நின்றதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஊரில் சொன்னது இன்ஜினைப் பற்றி. இன்ஜினைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் வழியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அது திட்டமிட்ட தந்திரமா, இயல்பாக அப்படி அமைந்ததா என்று நான் பிறகு கேட்டிருக்கிறேன். அவர் தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

"அப்போ பந்தயத்துல ஜெயிச்சது இன்ஜின் இல்ல. நீதான். அதைப் பஞ்சாயத்துல சொல்லலாமே?" என்றேன்.

சோற்றைப் பிசைந்த நைனாவின் கை நின்றது. "சொன்னா நாளைக்கு ஊரே அந்த வழில நிக்கும்."

"பாடே இல்லாம அந்த ஓடைய வெச்சி இன்னா பண்ணப்போற?" என்றார் அம்மா. "ஃபிரேம் போட்டு மாட்டி வெப்பியா?"

அன்று மாலை நைனா தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாளும் நீர் வற்றத்தின்போதே ஓடவைத்து, ஆளை மட்டும் மாற்றினார்கள். எங்கள் படகில் மாமா, மாமாவின் படகில் நைனா. இம்முறை மாமாவும் கிழக்கே வளைந்து பார்த்தார். ஆனால் ஓடைக்குள் எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று பிடிபடாமல் இரண்டு இடத்தில் மண்ணில் உரசி நின்றார். காகிதமுள்ள அந்தப் பத்துக் குதிரையோடு நைனா முதலில் கம்பத்தைத் தொட்டார். கரையில் ஒரே சிரிப்பு.

"மச்சான், உன் இன்ஜினும் பதினஞ்சுதான் போல," என்று நைனா அங்கிருந்தே கத்தினார்.

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டார். "இது ஆள அளக்குது. இன்ஜின அளக்கல," என்றார். என் மனத்திலும் அதே வாக்கியம்தான் இருந்தது. மெக்கானிக்கிடம் மறுபடி தொலைபேசியில் பேசும்போது நைனாவைக் கேட்கச் சொன்னேன்: கார் இன்ஜினை மேடையில் மாட்டுவதுபோல், படகு ஓடாமலே அளக்க வழி உண்டா? கட்டிப்போட்டு இழுவையைப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். படகின் பின்புறத்திலிருந்து ஒரு கயிறு, துறையின் சிமெண்டுத் தூணில் ஒரு கயிறு, நடுவே தொங்கு தராசு. யார் ஓட்டினாலும் படகு நகரப்போவதில்லை.

தராசு, ஏலக்கூடத்தில் மீன் வாங்கும் வியாபாரி பாயுடையது. ஐஸ் கட்டிகளையும் மீன் கூடைகளையும் கொக்கியில் மாட்டினால் சிவப்பு எழுத்தில் எடை காட்டும். சனிக்கிழமை அவரே கொண்டுவந்தார்; மெக்கானிக்கும் வந்திருந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, எண்களை எழுத என்னை நோட்டுடன் துறையில் நிற்கவைத்தார் தலைவர். எழுதுவதற்கு முன் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்று நைனாவிடம் மெல்லச் சொன்னேன். பாயின் காதில் விழுந்துவிட்டது.

"எத்தினி வருசமா உங்க நைனா மீனு இதுலதான் நிறுக்குறாரு. இன்னிக்கிதான் சந்தேகம் வந்துதாம்மா?" என்று சிரித்தார்.

ஐம்பது கிலோ என்று அச்சிட்ட சிமெண்டு மூட்டையை மாட்டினோம். ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது.

"இப்போ தராசு தப்பா, மூட்ட தப்பா?" என்றார் பாய்.

இரண்டு இன்ஜினையும் அதே தராசில் இழுக்கப்போகிறோம். தவறு இருந்தாலும் இருவருக்கும் ஒரே தவறு. அதை நோட்டில் முதல் வரியாக எழுதினேன்.

முதல் இழுப்பு வீணானது. துறையோரம் ஆழம் போதாமல் விசிறி சேற்றைக் கலக்கியது. எண்கள் எழுபதிலிருந்து நூற்று முப்பது வரை குதித்தன. எந்த எண்ணையும் என்னால் எழுத முடியவில்லை. நீளக் கயிறு கட்டிப் படகை ஆழத்துக்கு விட்டார்கள். அங்கே எண் நடுங்கினாலும் ஓரிடத்தில் நின்றது. ஒவ்வோர் இன்ஜினுக்கும் மூன்று முறை. மாமாவுடையது நூற்றுப் பதினெட்டை ஒட்டியே மூன்று முறையும் நின்றது. எங்களுடையது ஒருமுறையும் நூறைத் தொடவில்லை. விசிறி வேறு என்பதால் வித்தியாசம் வரலாம் என்று மெக்கானிக் சொல்லி, மாமாவின் விசிறியை எங்கள் இன்ஜினில் மாட்டி மறுபடி இழுக்கவைத்தார். அப்போது சற்று ஏறி, நூற்று இரண்டில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

பெரிய எண்ணை எதிர்பார்த்து வந்தவர்கள் தராசருகே வந்து குனிந்து பார்த்தார்கள். நைனா கைப்பிடியை இன்னும் முறுக்கியபடியே இருந்தார். அது ஏற்கெனவே கடைசிவரை முறுக்கியாயிற்று.

கூட்டத்தில் படிப்பதற்காக வலைக்கூடத்துக்கு நடக்கும்போது அவர் என் பக்கமாக வந்தார்.

"ம்மா, படிக்கும்போது கொஞ்சம் ஏத்திப் படியேன். அவனுது நூத்தி பதினெட்டுனா நம்முளுது நூத்தி பதினஞ்சுனு. பாடும் போவாது, பேரும் போவாது."

"எல்லாரும் பார்த்தாங்க, நைனா."

"எல்லாருக்குமா ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கும்."

அவர் கீழே பார்த்தார். என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் காட்டி, தட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

அன்றுதான் முதன்முறையாக அந்தச் சுவருக்கு உட்பக்கம் நின்றேன். தராசு, மூட்டை, ஆழம், விசிறி, மும்மூன்று எண்கள் என்று எழுதிய வரிசையிலேயே படித்தேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து என்று எங்கள் இன்ஜினின் எண்களைச் சொல்லும்போது நான் நோட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"பதினஞ்சு எங்கடா போச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கூடமே சிரித்தது. நைனாவும் சிரித்தார்; ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

மாமா விடவில்லை. "எடையச் சொல்றீங்க. விதில எடையா கீது? எத்தினி ஹெச்பி, அதச் சொல்லுங்க."

மெக்கானிக் எழுந்தார். "கட்டிப்போட்ட படகோட இழுவைய ஹெச்பி ஆக்க எங்கிட்ட வழி இல்லீங்க. ரெண்டுல எது பலசாலினு மட்டும்தான் சொல்லலாம். அது உங்களுதுதான்."

தலைவர் மாமாவைப் பார்த்தார். "இவனுது பத்துக்கு மேலனு வெச்சிக்கலாம். அப்போ உன்னுது அதுக்கும் மேலதான?"

மாமாவின் முகம் மாறியது. "என்னுதுக்குப் பேப்பர் கீது தலைவரே. கம்பெனி பேப்பர். கரெக்டா பத்து."

"அப்போ இவனுது பத்துக்குள்ள. பாடு உண்டு. எழுந்திரிங்க."

விதியிலிருந்த பத்து அன்றும் அளக்கப்படவே இல்லை என்பது எனக்கு மட்டுமல்ல, தலைவருக்கும் தெரிந்திருக்கும். கையேட்டின் அடிக்குறிப்பில் இருந்த 'சற்றுக் கூடக் குறைய' மாமாவின் இன்ஜினைப் பத்துக்கு மேலே வைக்கிறதா, கீழே வைக்கிறதா என்று எந்தத் தராசும் சொல்லவில்லை. அதை நான் கேட்கவில்லை. கையேட்டை அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாடு தொடங்கிய முதல் நாள், நான் கல்லூரிக்குத் திரும்புவதற்கு முந்தைய நாளாக அமைந்தது. அம்மாவும் நானும் துறையில் நின்றோம். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. நைனா முதலில் கிளம்பினார். மாமா நேராகப் போகவில்லை. நைனாவின் நுரை மறையும் முன்பே அதன் மேலேயே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று படகுகள். எல்லாம் கிழக்கே வளைந்தன. ஓடையின் நடுவில் மாமாவின் இன்ஜின் தன் நூற்றுப் பதினெட்டைக் காட்டியது. நைனா முந்தப்படுவதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கூடையில் இறால் இருந்தது. போன பருவத்து அளவுக்கு இல்லை.

"ஊருக்கே வழி காட்டிட்டு வந்திருக்குது பாரு," என்றார் அம்மா.

நைனா இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே சொன்னார்: "காட்டுனது இந்த வருசத்து ஓட. மழ வந்து முகத்துவாரம் ஒடைஞ்சா, மண்ணு எங்க போயி குந்தும்னு எவனுக்குத் தெரியும்? அவன் பழைய வழிலயே போவட்டும். நான் மறுபடி தேடிக்கறேன்." பிறகு என்னைப் பார்த்து, "அப்போ எந்த வழியா போனேனு கேக்காத," என்றார்.

சரி என்றேன். பெட்டியில் துணிகளை அடுக்கும்போது அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். தராசின் பிழை, விசிறியின் மாற்றம், கயிற்றின் நீளம், டாங்கில் இருந்த பெட்ரோல் எல்லாம் எழுதியிருந்தேன். அளந்த நாளையும் அன்றைய நீரின் நிலையையும் மட்டும் எழுத மறந்திருந்தேன். பக்கத்தின் தலைப்பில் அந்தச் சனிக்கிழமையின் தேதியைக் குறித்து, அதன் அருகே 'நீர் வற்றம்' என்று எழுதி மூடினேன்.